எந்த உலோகம் என்று தெரியாமல் மடையைத் திறக்காதீர்கள்

வயல் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

காலிங்கராயன் பாசனம், நொய்யல் கரை, கீழ்பவானி என்று மூன்று பக்கமிருந்தும் இந்த மாதம் ஒரே விஷயத்தைப் பற்றிக் கடிதங்கள். சாயம், தோல், முலாம் பூசும் பட்டறை வழியாக வரும் கன உலோகம் நெல்லுக்குள் ஏறுமா, ஏறினால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வந்ததில் எட்டை எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர்கள் மண்ணியல், உழவியல், உணவுப் பரிசோதனைத் துறைகளைச் சேர்ந்தவர்கள்.

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. காலிங்கராயன் பாசனத்துல ரெண்டு ஏக்கர் வயலுங்க. மண்வள அட்டை வாங்கிட்டேன், எல்லாம் சரியா இருக்குன்னு வந்திருக்கு. அப்ப கன உலோகம் இல்லைன்னு எடுத்துக்கலாமுங்களா?
– கொடுமுடி வாசகர்

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. அந்த அட்டையில் 12 கட்டங்கள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான், கார அமிலநிலை (பி.எச்.), உப்பின் அளவு, அங்ககக் கரிமம். பயிருக்கு என்ன உரம் போடலாம் என்று சொல்வதற்காக வந்த அட்டை அது. காட்மியம், காரீயம், ஆர்சனிக், குரோமியம், நிக்கல் எதையும் அதில் பார்ப்பதே இல்லை. பார்க்காததை இல்லை என்று எழுதிவிட முடியுமா?

கன உலோகத்துக்குத் தனியாக மாதிரி எடுக்க வேண்டும், எடுக்கும் முறையும் கொஞ்சம் வேறு. உரச் சோதனைக்கு மடை வாயை ஒதுக்கிவிடச் சொல்வோம். இங்கே அதையே தனி மாதிரியாக எடுக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரோடு வரும் நுண்ணிய வண்டல் முதலில் படிவது மடை வாயில்தான், உலோகம் ஒட்டியிருப்பதும் அந்த வண்டலில்தான். அதனால் மடையை ஒட்டிய கால் பாகத்தில் ஒரு மாதிரி, கடைவயலில் இன்னொன்று. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் உலோகம் தண்ணீரில் வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் உரம், எரு, அல்லது அந்த மண்ணின் பிறவிக் குணம்.

ஒவ்வொரு பாகத்திலும் 10 முதல் 15 இடம். மண்வெட்டியால் 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். இரும்பு பட்ட முகத்தை மூங்கில் பத்தையால் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் மண்ணை அதே பத்தையால் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் வழித்து எடுங்கள். முலாம் பூசிய வாளி, பழைய உரச் சாக்கு இரண்டும் ஆகாது. முலாமிலிருந்து துத்தநாகமும் சாக்கிலிருந்து காட்மியமும் மாதிரியில் சேர்ந்துவிடும். புது பிளாஸ்டிக் தாளில் கொட்டி, நிழலில் உலர்த்தி, நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டே வந்து அரை கிலோவாக்குங்கள்.

மண்ணோடு நெல்லையும் கொடுங்கள். சாப்பிடுவது மணியைத்தானே. அறுவடை அன்று 10 இடத்தில் கதிர் அறுத்துக் கையால் உதிர்த்து, அரை கிலோ நெல் போதும். உமியை மட்டும் நீக்கி, தீட்டாத அரிசியில் சோதிக்கச் சொல்லுங்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களிலும் இதைச் செய்யலாம். அங்கீகாரம் உண்டா என்று கேட்டால் மட்டும் போதாது. 'அரிசியில் காட்மியம்' என்ற சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். குடிநீருக்கு மட்டும் அங்கீகாரம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

அறிக்கை வந்ததும் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'பி.டி.எல்.' என்று போட்டிருந்தால் 'கண்டறியும் எல்லைக்குக் கீழே' என்று பொருள். அந்த எல்லை எவ்வளவு என்று பாருங்கள். அரிசியில் காட்மியத்துக்கு உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லி கிராம். கருவியின் எல்லையே 0.5 என்றால் அந்த 'பி.டி.எல்.' வெற்றுத்தாள். 0.02 அல்லது அதற்கும் கீழே அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் செய்யச் சொல்லுங்கள். பி.பி.எம். என்பது கிலோவுக்கு மில்லி கிராம், பி.பி.பி. அதில் ஆயிரத்தில் ஒன்று. இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டுப் பயந்தவர்களும் உண்டு, பயப்பட வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தவர்களும் உண்டு.

கேள்வி: காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டச் சொல்லி வேளாண் துறையில சொல்றாங்க. வயலைக் காயவிட்டா அரிசியில காட்மியம் ஏறும்னு மருமகன் சொல்றாருங்க. யாரு சொல்றது சரி?
– கோபி வாசகர்

பதில்: இருவரும் சரிதான். எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வயலில் தண்ணீர் நின்றால் சில நாளில் மண்ணுக்குள் இருக்கும் பிராணவாயு தீர்ந்துவிடும். அதன் பிறகு நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள சல்பேட்டை சல்பைடாக மாற்றும். தொழி மிதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வருகிறதல்லவா, அதுதான். அந்த சல்பைடு காட்மியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும், வேருக்குக் கிடைக்காது. வயல் காய்ந்து வெடித்தால் காற்று உள்ளே போகும். சல்பைடு திரும்ப சல்பேட்டாகும், காட்மியம் விடுபடும். மாங்கனீஸை உள்ளே இழுக்கும் அதே வாசல் வழியாகப் பயிர் அதையும் இழுத்துக்கொள்ளும்.

ஆர்சனிக் நேர் எதிர். காய்ந்த மண்ணில் அது இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் நின்றால் துரு கரையும், ஆர்சனிக் வெளியே வரும். நெற்பயிர் சிலிக்காவை எடுக்கும் வாசலில் அதுவும் நுழைந்துவிடும். ஆகவே ஆர்சனிக் உள்ள வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் மருந்து. காட்மியம் உள்ள வயலுக்கு அதுவே, கதிர் சமயத்தில், வினை.

மேற்கு வங்கம், வங்கதேசம் போல நிலத்தடி நீரில் ஆர்சனிக் நிறைந்த பூமி இல்லை நம்முடையது. இங்கே கிணற்றைக் கெடுப்பது ஃபுளோரைடும் உப்பும். ஆகவே அறிக்கையில் எதுவுமே மிகவில்லை என்றால் தாராளமாகக் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யுங்கள், தண்ணீர் மிச்சம். 30 செ.மீ. நீளக் குழாயில் கீழ்ப்பாதிக்குத் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை வழித்து எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டலாம். பூக்கும் சமயத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவிடக் கூடாது, பதர் விழும்.

அரிசியில் காட்மியம் 0.2-க்கு மேல் வந்திருந்தால் முறை மாறும். தூர் கட்டும் பருவம் வரை காய்ச்சலும் பாய்ச்சலும் இருக்கட்டும். கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, வெளிவந்து மூன்று வாரம் வரை, இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். ஜப்பானியர் நெடுங்காலமாகச் செய்துவருவது இது. 110 நாள் ரகம் என்றால் கதிர் ஏறக்குறைய 80-ஆம் நாள் வரும், ஆக 59-ஆம் நாளிலிருந்து 101-ஆம் நாள் வரை. பிறகு வடித்து, ஏழு முதல் பத்து நாளில் அறுவடை.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, அறுவடை இயந்திரம். களிமண் வயலில் பத்து நாள் காய்ந்தாலும் பெல்ட் வண்டி இறங்கிவிடும் என்று 20 நாள் முன்பே மடையை அடைக்கிறார்கள். மணி பால் பிடித்து முற்றும் காலத்தில்தான் காட்மியம் மணிக்கு ஓடும். அந்த வேளையில் வயலை வெடிக்கவிட்டால், அதுவரை கட்டிய தண்ணீர் முழுக்க வீண். வயலைச் சுற்றி வரப்போரம் ஒரு முழ அகலத்தில் வடிகால் பறித்துவைத்தால் கடைசி வாரத்தில் சீக்கிரம் இறுகும்.

இன்னொன்று, வாய்க்கால் தேதி. கீழ்பவானியில் நஞ்சைக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15-இல் திறந்து 120 நாள் விடுவார்கள், டிசம்பர் 12 வாக்கில் அடைபடும். ஆகஸ்ட் 25-இல் 135 நாள் ரகத்தை நாற்று விட்டால் கதிர் வருவதே டிசம்பர் முதல் வாரம். மணி முற்றும் மாதம் முழுக்க வயல் காயும். அதே நாளில் 110 நாள் ரகம் விட்டால் தண்ணீர் நிற்கும்போது அறுவடைக்கே வந்துவிடும். காட்மியம் உள்ள வயலில் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளைச்சலுக்கு முன்னால் நாளைப் பாருங்கள்.

ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுவது வழக்கமான சிபாரிசுதான். காட்மியம் உள்ள வயலில் அதற்கு இரட்டைப் பலன். துத்தநாகமும் காட்மியமும் குணத்தில் பங்காளிகள், ஒன்று குறைந்தால் மற்றது அந்த இடத்துக்கு வரும். சுண்ணாம்பு போடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு காட்மியத்தை மண்ணில் கட்டிப்போடும் என்பது அமில மண்ணுக்கு. நம் மண் பெரும்பாலும் ஏற்கெனவே காரம், கார அமிலநிலை 7.5-க்கு மேல் இருந்தால் போட்டுப் பயனில்லை.

கேள்வி: நொய்யல் கரையோரம் தோட்டம். சாயத் தண்ணி நின்னு வருசமாச்சு, ஆனா கிணறு இன்னும் உப்பாத்தான் இருக்கு. நெல்லு போட்டா அரிசியில விசம் வருமுங்களா?
– சென்னிமலை பக்கத்து வாசகர்

பதில்: சாயக் கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற கட்டளையை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். அதற்கு முன் பல ஆண்டு ஓடியது ஆற்றுப் படுகையிலும் ஒரத்துப்பாளையம் அணையின் வண்டலிலும் தங்கிவிட்டது.

உங்களுக்கு முதல் எதிரி உலோகம் இல்லை, உப்பு. சாயம் ஏற்றுவதற்குக் கொட்டிய சாதா உப்பு. ஆனால் உப்புக்கும் உலோகத்துக்கும் உறவு உண்டு. உப்பில் உள்ள குளோரைடு, களிமண் பிடித்து வைத்திருக்கும் காட்மியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் சுலபமாகக் கரையும் கூட்டை உண்டாக்கும். கார மண் காட்மியத்தைக் கட்டிவைக்கும் என்று மேலே சொன்னோமே, அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவது இந்தக் குளோரைடுதான். மண்ணில் காட்மியம் குறைவாக இருந்தும் மணியில் கூடுதலாக வந்தால் கிணற்றுத் தண்ணீரின் குளோரைடைப் பாருங்கள்.

மழைத் தண்ணீரை வரப்பு உயர்த்தித் தேக்கி, அடி வடிகால் வழியாக வெளியே கழுவிவிடுவதுதான் வழி. சோடியம் மிகுந்த இடத்தில் ஜிப்சம் போட்டுவிட்டுக் கழுவினால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். உர ஆலையின் துணைப்பொருளாக வரும் ஜிப்சமா, சுரங்க ஜிப்சமா என்று கேட்டு வாங்குங்கள். முதலாவதில் பாஸ்பேட் பாறையிலிருந்து வந்த காட்மியம் கொஞ்சம் இருக்கலாம், சோதனைச் சீட்டு கேட்பதில் தப்பில்லை.

குரோமியம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். நெல் வயலில் அது பெரிய ஆபத்து இல்லை. தண்ணீர் நிற்கும் மண்ணில் நச்சு கூடிய அறுமுனைக் குரோமியம் நச்சு குறைந்த மும்முனையாக மாறி, மண்ணிலும் வேரிலும் தங்கிவிடும், மணிக்கு மிகக் கொஞ்சமே ஏறும். கிணற்றுத் தண்ணீர்தான் கவலை. தோல், முலாம் பட்டறை ஓரக் கிணற்றில் தண்ணீர் மஞ்சள் சாயல் அடித்தால் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லி கிராம்.

கேள்வி: நகராட்சியில் குப்பை உரம் இலவசமாகத் தருகிறார்கள். குளத்து வண்டலும் கிடைக்கிறது. வயலுக்கு அடிக்கலாமா? ஜிங்க் சல்பேட்டிலேயே காட்மியம் இருக்கிறது என்கிறார்களே?
– சூலூர் வாசகர்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ.

ஜிங்க் சல்பேட்டில் காட்மியம் 0.0025 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உரக் கட்டுப்பாட்டு விதி. 10 கிலோவில் அதிகபட்சம் கால் கிராம். மண்ணில் பரவினால் கிலோவுக்கு 0.0003 மி.கி. விட்டுத்தள்ளுங்கள்.

குப்பை உரத்துக்கு வரம்பு கிலோவுக்கு 5 மி.கி. வரம்புக்கு உட்பட்ட உரமே 5 டன் அடித்தால் 25 கிராம். மண்ணில் 0.028 மி.கி., அதாவது ஜிங்க் சல்பேட்டைப்போல நூறு மடங்கு. ஒரு தடவைக்குப் பரவாயில்லை, வருசா வருசம் அடித்தால் பத்து ஆண்டில் 0.28. மண் திரும்பக் கொடுப்பதில்லை.

வண்டல் இன்னும் பெரிது. பத்து நடை டிராக்டர், நடைக்கு 3 டன் என்றால் 30 டன். அதில் கிலோவுக்கு 5 மி.கி. காட்மியம் இருந்தால் ஒரே தடவையில் 150 கிராம். குளத்து வண்டல் போல நல்லது இல்லை என்று நம் அப்பாருகள் சொன்னது ஆட்டாம்புழுக்கையும் இலைதழையும் விழுந்த குளத்தைப் பார்த்து. ஊருக்குள் சாக்கடையும் பட்டறைத் தண்ணீரும் இறங்கும் குளத்தின் வண்டல் வேறு சங்கதி. கிராமத்து ஏரி, மானாவாரிக் குளம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். நகரத்துக் குளம் என்றால் ஒரு சோதனை செய்துவிட்டு அடியுங்கள்.

குப்பை உரத்தில் ஒரு கண் பரிசோதனை: ஒரு கூடையை 4 மி.மீ. சல்லடையில் சலித்து மேலே நிற்பதைப் பாருங்கள். பேட்டரித் துண்டு, டியூப்லைட் கண்ணாடி, பெயின்ட் சில்லு, மின்கம்பிப் பிசிறு தென்பட்டால் அது பிரிக்காத குப்பையில் செய்தது. காய்கறிச் சந்தைக் கழிவில் மட்டும் செய்ததைத் தேடி வாங்குங்கள். கோழி எருவில் காட்மியத்தைவிடத் தாமிரமும் துத்தநாகமும்தான் சேரும், தீவனத்தில் போடுவது அப்படியே எச்சத்தில் வரும்.

கேள்வி: எங்க வீட்டுல வாரத்துல மூணு நாள் அரிசியும் பருப்பும்தானுங்க. கழுவிச் சமைச்சா உலோகம் போயிருமா? கைக்குத்தல் அரிசி நல்லதுங்களா?
– திருப்பூர் வாசகி

பதில்: ஆர்சனிக் பாதி போகும், காட்மியம் போகாது.

ஒரு பங்கு அரிசிக்கு ஆறிலிருந்து பத்துப் பங்கு தண்ணீர் வைத்து, வெந்ததும் கஞ்சியை வடித்தால் ஆர்சனிக் 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்தால் எல்லாம் சோற்றுக்குள்ளேயே. அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைக்கும் சோறு, வடிக்கும் பண்டம் இல்லை, ஆனால் வழி இருக்கிறது. முதலில் அரிசியை மட்டும் நாலு பங்கு கொதிநீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு பருப்பு, புது நீர், தாளிப்பு. அரிசி ஏற்கெனவே நீர் குடித்திருக்கும் என்பதால் வழக்கமான அளவில் முக்கால் தண்ணீர் போதும், இல்லாவிட்டால் குழைந்துவிடும். பி வைட்டமின் கொஞ்சம் போகும். இங்கே ஆர்சனிக் பெரிய தொல்லை இல்லாததால், தினமும் இப்படிச் செய்யுங்கள் என்று வற்புறுத்த மாட்டோம். குழந்தைக்கு வைக்கும் கஞ்சிக்கு மட்டும் செய்யலாம்.

காட்மியம் மணியின் மாவுப் பகுதியில் புரதத்தோடு ஒட்டியிருக்கும். கழுவினாலும் வடித்தாலும் தீட்டினாலும் கொஞ்சம்தான் குறையும். ஆர்சனிக் தவிட்டில் கூடுதல், ஆகவே கைக்குத்தலில் கூடுதல். அதற்காகக் கைக்குத்தலை விட வேண்டாம். எந்த வயல் அரிசி என்பதுதான் முக்கியம்.

சமையலறையில் செய்யக்கூடிய பெரிய காரியம் வேறு. இரும்புச்சத்துக் குறைந்த பெண்களின் குடல் காட்மியத்தைச் சாதாரணத்தைவிட இரண்டு மடங்கு வரை இழுக்கும். ரத்தசோகையைச் சரிசெய்யுங்கள். வாரத்தில் சில வேளை ராகிக் களி, கம்பஞ்சோறு, சோளம் என்று மாற்றுங்கள். ஒரே வயல் அரிசியை மூன்று வேளையும் உண்பதுதான் சுமையை ஏற்றுகிறது. கீரை நல்லது, ஆனால் சாக்கடை வாய்க்கால் ஓரம் விளைந்த கீரை நெல்லைவிட அதிகம் காட்மியம் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: 0.4 வரம்புக்குள் இருந்தால் பயமில்லைதானே? உடம்பில் இருக்கிறதா என்று எந்த டெஸ்ட் எடுப்பது? மாமனாருக்கு கிரியாட்டினின் கூடியிருக்கிறது.
– பெருந்துறை வாசகி

பதில்: 0.4 என்பது சந்தைக்கான வரம்பு. பல ஊர் அரிசி கலந்து வாங்கிச் சாப்பிடுவோரை மனதில் வைத்தது. சொந்த வயல் அரிசியை ஆண்டு முழுதும் சாப்பிடும் வீட்டுக்குக் கணக்கு வேறு. காட்மியத்துக்கு ஐ.நா. உணவு அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010-இல் சொன்ன எல்லை, மாதத்துக்கு உடல் எடை கிலோவுக்கு 25 மைக்ரோ கிராம். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50. காட்டு வேலை செய்பவர் நாளுக்கு 350 கிராம் அரிசி சாப்பிடுவார். அரிசியில் 0.4 இருந்தால் அதிலிருந்து மட்டும் 140, எல்லையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 0.1 இருந்தால் 35. ஆகவே வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் நெல்லுக்கு 0.1-ஐக் குறியாக வையுங்கள்.

உள்ளே போன காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டு தங்கும். முதலில் பழுதாவது சிறுநீரகத்தின் நுண்குழாய், சின்னப் புரதங்களைத் திரும்ப எடுக்க முடியாமல் விட்டுவிடும். சாதாரண யூரின் டெஸ்டில் நனைக்கும் பட்டை அல்புமினை மட்டும் காட்டும், இதைக் காட்டாது. சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் பார்க்க வேண்டும். அமிலத்தன்மை கூடிய சிறுநீரில் அது சிதைந்துவிடுவதால் ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் இன்னும் நம்பகம். உடலில் சேர்ந்த அளவை அறிய சிறுநீரில் காட்மியம் பார்க்க வேண்டும், அது ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 5.24 மைக்ரோ கிராமைத் தாண்டினால் நுண்குழாய் பாதிப்பு கூடுகிறது. ரத்தத்தில் பார்ப்பது சமீபத்திய வரவை மட்டும் சொல்லும். முடியில் பார்க்கும் டெஸ்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

உங்கள் மாமனாருக்கு முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள், கிரியாட்டினின் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அவைதான். பீடி, சிகரெட் பிடிப்பாரா? புகையிலைச் செடி காட்மியத்தை இலையில் சேர்ப்பதில் கெட்டிக்காரி, ஒரு சிகரெட்டிலேயே ஒன்று இரண்டு மைக்ரோ கிராம் இருக்கும். சேர்ந்த காட்மியத்தை வெளியேற்றுவதாகச் சொல்லும் 'டீடாக்ஸ்' சாறு எதற்கும் ஆதாரம் இல்லை. வரவை நிறுத்துவதுதான் வைத்தியம்.

முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாகாணம். கமியோக்கா சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து வயலுக்குப் போனது. பல பிள்ளை பெற்ற, மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினாலே விலா முறிந்தது. 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குது வலிக்குது' என்று கதறியதே நோயின் பெயரானது. 1968-இல் அரசு காட்மியத்தைக் காரணமாக ஏற்றுக்கொண்டது. அந்த வயல்களின் மேல்மண்ணைச் சரிசெய்யும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. நம் வயல்களை அதோடு ஒப்பிட வேண்டாம், அங்கே போனது துத்தநாகச் சுரங்கத்தின் நேரடிக் கழிவு.

கேள்வி: சூரியகாந்தி போட்டால் மண்ணில் உள்ள உலோகத்தை உறிஞ்சிவிடுமாமே?
– காங்கேயம் வாசகர்

பதில்: உறிஞ்சும், உங்கள் ஆயுளுக்குள் முடியாது. ஏக்கருக்கு 4 டன் காய்ந்த தட்டையும் இலையும், அதில் கிலோவுக்கு 2 மி.கி. காட்மியம் என்று வைத்தால் ஒரு அறுவடையில் வெளியேறுவது 8 கிராம். மண்ணில் கிலோவுக்கு 1 மி.கி. குறைக்க 900 கிராம் எடுக்க வேண்டும், 112 அறுவடை. எடுத்த தட்டையை எங்கே போடுவது என்ற கேள்வி வேறு. அரிசி தொடர்ந்து 0.4-க்கு மேல் வரும் வயலில் பருத்தி, மரப்பயிர், பூ என்று வாய்க்குப் போகாத வெள்ளாமைக்கு மாறுவது புத்திசாலித்தனம். உங்கள் ஊர் அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச்சாம்பல் ஆர்சனிக்குக்குக் கொஞ்சம் உதவும். சிலிக்கா கிடைத்தால் பயிர் ஆர்சனிக்கைக் குறைவாக எடுக்கும்.

கேள்வி: ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோம். ஈயம் விசம் என்கிறீர்களே?
– பொள்ளாச்சி வாசகி

பதில்: பெயர்க் குழப்பம். விசம் காரீயம், சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயம். பித்தளைக்குப் பூசுவதும் வெள்ளீயமே. விலை குறைக்கக் காரீயம் கலப்பதுதான் தொல்லை, புளி பட்டால் அது ரசத்துக்குள் இறங்கும். வெள்ளீயத் தகட்டை வளைத்தால் காதருகே 'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்கும், காரீயம் சத்தம் போடாது, தாளில் தேய்த்தால் கரிக்கோடு விழும். கனமான சொம்பை வளைக்க முடியாது என்பதால் தேய்த்துப் பாருங்கள், கோடு விழுந்தால் அடுப்பில் வைக்காதீர்கள். கோடு விழாவிட்டாலும் கொஞ்சம் கலப்பு இருக்கலாம், உலோகம் சோதிக்கும் இடத்தில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். நெல்லைப் பொறுத்தவரை காரீயம் வேரிலேயே நின்றுவிடும், மணிக்கு வருவது பெரும்பாலும் தூசியாக உமிமேல் படிந்துதான். பழைய பேட்டரி உருக்கும் இடத்தின் பக்கமும் வண்டி போகும் சாலையிலும் நெல் காயப்போடாதீர்கள்.